மாத்திரை அட்டவணையின் இரண்டாம் பிரதி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தை மாதம், கரும்பு வெட்டு தொடங்கிய சமயம், எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். சர்க்கரை மாத்திரையை ஒரே வேளையில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார் என்றார் டாக்டர்.
2. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து வந்தவள் என் பெரியம்மா. பழி அவள்மேல் விழுந்தது.
3. ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் இரண்டு பேருக்கும் ஞாபகசக்திச் சோதனை வைத்தார்கள். அவர் தேறினார். பெரியம்மா தேறவில்லை.
4. மாத்திரை சாப்பிட்டதைக் குறித்துவைக்க ஓர் அட்டவணை வந்தது. அதற்குக் கோடு போட்டவள் நான். அப்போது எனக்கு வயது பதினொன்று.
5. அட்டவணை தப்பாகப் போனது. நான் அதை அடித்தல் திருத்தல் இல்லாமல் புதிதாகப் பிரதி எடுத்தேன்.
6. பெரியம்மாவை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.
7. மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, தலைமையாசிரியர் வீட்டு மாடு விடாமல் கத்தியது.

விளக்கம் சொல்லுமுன் வரிசையை எழுது என்பது நம் மறதி நோய்ப் பிரிவில் முதல் பாடம். எழுதிவிட்டேன். முப்பதைத் தாண்டியதுமே பழங்கதை எழுத உட்காருவது முந்திரிக்கொட்டைத்தனம் என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். பரவாயில்லை. என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வயதானவர்களிடம் "இன்று என்ன தேதி, இது எந்த மாவட்டம்" என்று கேட்கிறவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தை பிறந்தால் பங்குனி வரைக்கும் ஊரில் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். கரும்புத் தோகை கையைக் கிழிக்கும். கிழித்த இடத்தில் வியர்வை பட்டால் எரியும். மேற்குக் காற்றடித்தால் சர்க்கரை ஆலைச் சங்கு கேட்காது, வேறு காற்றென்றால் பக்கத்தில் ஊதுவது போல் கேட்கும். கல்வராயன் மலை காலையில் நீலமாக நிற்கும். மத்தியானம் வெயில் புகையில் காணாமல் போய்விடும்.

அப்பாவும் அம்மாவும் வெட்டுக்கூலிக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நான் போகிற இடம் பெரியம்மா. அம்மாவின் அக்கா. பெரியப்பா போன பிறகு அவள் தலைமையாசிரியர் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தாள். அவர் மனைவி இல்லாதவர். மகன் சென்னையில் என்ஜினீயர். மாட்டைப் பார்ப்பது, பெருக்குவது, சோறாக்குவது, வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் பெரியம்மாதான். வேலை இருக்கிறவரை அறை இருக்கும். வேலை போனால் அறையும் போகும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. மாத்திரைக்கு அவள் வைத்திருந்த முறை இது: அடுப்படி அலமாரியில் இரண்டு கொட்டாங்கச்சி. வலது கொட்டாங்கச்சியில் இரண்டு புளியங்கொட்டை. காலை மாத்திரை கொடுத்ததும் ஒரு கொட்டை இடதுபக்கம் போகும். சாயங்காலம் கொடுத்ததும் இன்னொன்று போகும். விடிந்ததும் இரண்டையும் வலதுபக்கம் திருப்பிவிடுவாள். கொடுத்தோமா இல்லையா என்று அவள் யோசிக்கவே வேண்டியதில்லை, பார்த்தால் போதும். இன்று ஒரு மருந்தாளரிடம் இதைச் சொன்னால் நல்ல முறை என்றுதான் சொல்வார்.

தலைமையாசிரியரை ஊரே 'பெரிய சார்' என்றது. வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமான பென்சில். பஸ் நிறுத்தத்தில் ஒட்டும் நோட்டீஸில் பிழை இருந்தால் அந்தச் சிவப்பால் திருத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவார். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நிறுத்திக் கேள்வி கேட்பார்.

"இன்றைக்கு என்ன கிழமை? சொல் பார்க்கலாம்."

"வியாழக்கிழமைங்க சார்."

"தேதி?"

சொல்வோம். "சபாஷ்" என்று தலையில் தட்டுவார். எங்களுக்கு அது பரீட்சை. அவருக்கு விடை உண்மையாகவே தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிந்தபோது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் விழுந்த மறுநாள் சென்னையிலிருந்து மகன் வந்தார். நான் அடுப்படி வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, எத்தனை மாத்திரை குடுத்தே?"

"ஒண்ணுதாங்க. தோ, நேத்து நவுத்துன கொட்டை இந்தப் பக்கம் அப்பிடியே கீது பாருங்க."

அவர் கொட்டாங்கச்சிகளைப் பார்த்தார். "எங்கப்பா உசிரை வெச்சிக்கினு பல்லாங்குழி ஆடறியா நீ?"

கூடத்திலிருந்து பெரிய சார் குரல் வந்தது. "அவளைத் திட்டாதேப்பா. வயதாகிறது. மறந்துபோய் இரண்டாவது முறை கொடுத்துவிட்டாள். நானும் கவனிக்கவில்லை."

எவ்வளவு பெருந்தன்மை என்று எதிர்வீட்டு அக்கா உச்சுக்கொட்டினாள். பெரியம்மா முந்தானையால் அலமாரியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

முகாம் அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கிருந்தோ வேனில் வந்தார்கள். கண், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கடைசி அறையில் ஞாபகசக்தி. மகன் இரண்டு பேரையும் கூட்டிப் போனார். துணைக்கு நான். பள்ளிக்கூட கேட்டில் பெரிய சார் என் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

"இன்றைக்கு என்ன தேதி? சொல் பார்க்கலாம்."

சொன்னேன். மாதமும் வருஷமும் சேர்த்துக் கேட்டார். அதையும் சொன்னேன். சபாஷ் என்றார். இரண்டு நிமிஷம் கழித்து உள்ளே இருந்த பெண் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் மணியடித்தாற்போல் பதில் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பட்டியல் வைத்திருந்தாள், எழுத்து அழகாக இருந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மூன்று சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பெரிய சார் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "வாத்தியார் புத்தி அம்மா, குறிப்பெடுக்காமல் இருக்க முடியாது." அவளும் சிரித்தாள். கடிகாரம் வரையச் சொன்னபோது ரோமன் எண்களோடு வரைந்தார். அவள் தாளில் இருந்த ஓர் எழுத்துப்பிழையையும் திருத்திக் கொடுத்தார்.

"சார், முழு மார்க் சார்!" என்றாள்.

பிறகு பெரியம்மா. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன தேதிம்மா?"

"தேதிங்களா... சந்தை முடிஞ்சி நாலு நாளு. அமாவாச வர எட்டு நாளு கீது."

தாளில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

"இது எந்த மாவட்டம்?"

"தென்னாற்காடுங்க."

அது விழுப்புரம் மாவட்டமாகிப் பல வருஷமாகியிருந்தது. பெருக்கல் குறி. இன்று அதே பெஞ்சில் அதே கேள்விக்குக் கள்ளக்குறிச்சி என்று சொல்ல வேண்டும். பெரியம்மா எங்கேயும் போகவில்லை. மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

"நூறுல ஏழு போனா எவ்ளோ?"

"எதுல நூறும்மா? கரும்புக் கட்டா, நெல்லிக்கா கூடையா?"

"சும்மா நூறும்மா."

"சும்மா நூறா?" பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "கேட்டியாடி, சும்மா நூறாம்" என்றாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குத் தொண்ணூற்று மூன்று என்று தெரியும்.

பென்சிலை அவள் அரிவாள் பிடிப்பதுபோல் பிடித்தாள். வட்டம் நன்றாகத்தான் வந்தது, கோலம் போட்ட கை. எண்கள் எங்கே, முள் எங்கே என்று கேட்டபோது, "எங்க வூட்ல கடியாரம் இல்லம்மா, ஆலைச் சங்குதான்" என்றாள்.

கடைசியில் அந்த மூன்று சொற்கள். மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னாள். அதற்கு மூன்று மதிப்பெண் கிடைத்தது. கூட்டினால் போதவில்லை. உங்களுக்குப் புரியும்: உண்மையில் ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்வி அந்தத் தாளில் அது ஒன்றுதான். அதில் பெரியம்மா முழுசாகத் தேறினாள், பெரிய சார் உள்ளங்கையைப் பார்த்துப் படித்தார்.

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மகன் அதைப் பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். மறதி நோய் இருக்கலாம், மேல் பரிசோதனை தேவை. 'இருக்கலாம்' என்ற சொல் அந்த வாசலைத் தாண்டவில்லை. பெரியம்மாவுக்கு மறதி நோய் என்பது மட்டும் எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள் என்னிடம், சின்ன வயதில் புளி உலுக்க மலைக்குப் போன கதையைச் சொன்னாள். அடிவாரத்திலிருந்து புளியந்தோப்பு வரை வரும் ஒவ்வொரு ஊற்று, ஒவ்வொரு பாறை, எந்த மரம் ஒரு வருஷம் விட்டுக் காய்க்கும், எந்த மரத்தில் தேனடை கட்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது நினைக்கிறேன், அவள் தனக்குத்தானே ஒரு சோதனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று நாலு அடி முன்னால் நடந்தேன்.

அன்று சாயங்காலமே மகன் ஏற்பாடு செய்தார். மாத்திரை இனிமேல் பெரிய சாரின் மேசை இழுப்பறையில் இருக்கும். அவரே எடுத்துக்கொண்டு அவரே குறிப்பார். பெரியம்மா தொடக் கூடாது. வேறு ஆள் கிடைக்கும்வரை மற்ற வேலைகளை மட்டும் பார்க்கலாம். கொட்டாங்கச்சிகளை எடுத்துக் குப்பையில் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ நல்லா எழுதுவியாமே? ஒரு சார்ட் போட்டுக் குடு. முப்பது நாள், காலை, மாலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது."

பெரிய சாரின் இருநிறப் பென்சிலை எனக்குக் கொடுத்தார்கள். நான் ஸ்கேல் வைத்து நீலத்தில் கோடு போட்டேன், சிவப்பில் எண் எழுதினேன். முப்பது வரிசை, அறுபது கட்டம். என் வாழ்க்கையில் அதுவரை நான் செய்த மிக அழகான பொருள் அது. மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் எழுதியது ஒரு பெரிய வீட்டுச் சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை. பெரியம்மாவும் வந்து பார்த்தாள். "ஜோராக் கீதுடி" என்றாள்.



ஆறாம் நாளோ ஏழாம் நாளோ பெரியம்மா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஐயா மாத்திரைய ரெண்டு தபா துன்றாருடி. காலையில இழுப்பற சத்தம் ரெண்டு தபா கேக்குது. நீ போட்ட காயிதம் இன்னா சொல்லுது?"

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிக். சரியாக, கோட்டைத் தொடாமல்.

"ஒரு தடவதான் சாப்பிட்டுகிறாரு பெரிம்மா. டிக் ஒண்ணுதான் கீது."

"நல்லாப் பாத்தியா?"

"உனுக்குத்தான் படிக்கத் தெரியாதே. எனக்குத் தெரியும்."

அவள் தவிட்டுக் கையோடு என்னைப் பார்த்தாள். மறுபடி தவிட்டைக் கரைக்கத் தொடங்கினாள்.

பத்தாம் நாள் எனக்கே கண்ணில் பட்டது. அன்று பத்தாம் நாள்தான், ஆனால் டிக் பதின்மூன்றாம் வரிசைவரை போயிருந்தது. கட்டத்துக்கு ஒன்றுதான் போட்டிருந்தார். இன்றைய கட்டத்தில் டிக் இருந்தால் அடுத்த காலிக் கட்டத்துக்குப் போயிருக்கிறார். நாட்காட்டி ஒரு வேகத்தில் போனது, அட்டவணை வேறு வேகத்தில் போனது.

அவரிடமே கேட்டேன். "சார், மூணு நாள் முன்னாடி போயிடுச்சி சார்."

அட்டவணையை உற்றுப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் எதுவுமே இல்லை. கரும்பலகையைத் துடைத்த மாதிரி இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. "சிலபஸை முன்னாலேயே முடித்துவிட்டேன் பார்த்தாயா! நீயே நன்றாக எழுதிக் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான், பார்க்க அழகாக இருக்க வேண்டும்."

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். இரண்டு இரண்டு மாத்திரை என்று பெரியம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மூன்று நாள் அதிகம் என்றால் ஆறு மாத்திரை அதிகம் என்று கணக்குப் போடவும் தெரியும். போட்டேன். போட்டுவிட்டு அதை மூடிவைத்தேன். அவர் தலைமையாசிரியர், முழு மார்க் வாங்கியவர். அவர் தப்பு என்றால் என் அட்டவணையும் தப்பு. புதுத் தாளில் கோடு போட்டு, பத்து வரிசைக்கு நானே டிக் அடித்து, சுவரில் ஒட்டினேன். பழையதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். பெரியம்மா காத்திருந்தவள் போல் அவர் முன்னால் போய் நின்றாள். அவள் அவர் முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"தம்பி, ஐயா ரெண்டு தபா துன்றாருங்க. எனுக்குத் தெரியுங்க. என்னிய இன்னா வேணா சொல்லுங்க, மாத்திரைய மட்டும் எண்ணிப் பாத்துருங்க."

அவர் சுவரைப் பார்த்தார். "இதுல கரெக்டாத்தானே இருக்கு?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதானே போட்டே? கரெக்ட்டா?"

நாற்காலியிலிருந்த பெரிய சாரும் சேர்த்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மாவின் கை முந்தானை முடிச்சைப் பிடித்திருந்தது.

"கரெக்ட்டுங்கண்ணா" என்றேன்.

"பாரும்மா, உனக்கு உடம்பு சரியில்ல. அதான் இப்படிலாம் தோணுது. உன் தங்கச்சி வூட்ல போய் இரு. புதன்கிழமை வேற ஆள் வருது." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுவரை எதிர்வீட்டிலிருந்து சாப்பாடு வரும், பால் கறக்கச் சொசைட்டிக்காரர் வருவார் என்று எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்.

பெரியம்மா மூட்டை கட்டினாள். இரண்டு புடவை, ஓர் அலுமினியத் தூக்கு, அரிவாள், வெற்றிலைச் சுருக்குப்பை. பதினாறு வருஷம் இருந்த அறையைக் காலி செய்ய ஆலைச் சங்கு ஒரு முறை ஊதும் நேரம்தான் ஆனது. எங்கள் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். அம்மா என்னவோ கேட்டாள். "ஐயா தனியாக் கீறாரு" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்து, "நெசந்தான் போலக் கீது, சொன்னதையே சொல்லிக்கினு கீறா பாரு" என்று கிசுகிசுத்தாள். நான் அப்போதும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடம் போகும்போது அந்த வீட்டு மாடு கத்திக்கொண்டிருந்தது. கேட் உள்பக்கம் தாழ். சொசைட்டிக்காரர் கேனோடு வெளியே நின்றிருந்தார். பெரிய சார் ஜன்னலில் நின்றார்.

"சார், கதவத் தொறங்க, மடி வெடிச்சிரும் போலக் கீது!"

"முதல் மணி அடிக்கவில்லை. யாரும் உள்ளே வரக் கூடாது."

சொசைட்டிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சாரு இன்னிக்கித் தமாஷ் மூடுல கீறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் உடம்போடு ஒட்டியிருந்தது. தை மாதக் காலை, எனக்குக் குளிர்ந்தது. பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"பெரிம்மா, சாரு சட்ட நனைஞ்சிகீது."

"வேர்வையா?"

"ஆமா."

அவள் பானையில் இருந்த வெல்லக்கட்டியை எடுத்து மடியில் கட்டினாள். அறுபது வயசுக்காரி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கொட்டகைப் பக்கம் ஒரு தட்டி தளர்ந்திருப்பது அவளுக்குத்தான் தெரியும். அதை நெட்டித் தள்ளி உள்ளே புகுந்தாள்.

பெரிய சார் கூடத்தில் தரையில் சரிந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பெரியம்மா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெல்லத்தைக் கையில் நசுக்கித் தண்ணீர் தொட்டு, கன்னத்துக்குள் விரலால் தடவினாள். மயங்குகிறவர் வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று இன்று நான் வகுப்பில் சொல்வேன். அவள் திணிக்கவில்லை. பால் குடிக்காத கன்றுக்குட்டிக்குத் தடவுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். அவர் கையை வீசி அவள் முகத்தில் அடித்தார். அவள் விடவில்லை.

சொசைட்டிக்காரர் சுவர் ஏறிக் குதித்து வந்தார். அவர் கதவைத் திறக்க, எதிர்வீட்டு அக்காவும் வந்தாள். அவர்கள் பார்த்தது: மறதி நோய்க்காரி ஒருத்தி சாரை அமுக்கிப் பிடித்து வாயில் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அடிப்பாவி, புத்தி கெட்டவ இன்னா பண்றா பாரு! புடிங்க அவள!"

சொசைட்டிக்காரர் பெரியம்மாவின் இரண்டு கையையும் பின்னால் இழுத்துப் பிடித்தார். "வுடுடா, வெல்லம்டா, சக்கர எறங்கிப்போச்சுடா அவருக்கு, ரெண்டு ரெண்டாத் துன்னுகிறாருடா" என்று கத்தினாள். "சரிம்மா, சரிம்மா" என்று அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாரே தவிர பிடியை விடவில்லை. தரையில் பெரிய சாரின் கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"அண்ணா, வுடுங்கண்ணா!" என் குரல் எனக்கே தெரியவில்லை. "சாரு ரெண்டு ரெண்டு மாத்திர சாப்புட்டாரு. மூணு நாள் ஜாஸ்தியாப் போச்சு. நாந்தான் சார்ட்ட மாத்தி எய்தினேன். பெரிம்மா சொன்னது நெசம்."

அவர் என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், கையை விட்டார். பெரியம்மா மறுபடியும் மண்டியிட்டாள்.

அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றேதான். அவள் சொன்னபோது அது பிதற்றல். ஏழாவது படிக்கிற பதினொரு வயதுப் பெண் சொன்னதும் அது தகவலாகிவிட்டது. என் வேலையில் நான் ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்திக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். குளுக்கோஸ் ஏறியது, பிழைத்தார். அன்று மத்தியானமே மகன் வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"ஏன் பொய் சொன்னே?" என்று என்னைக் கேட்டார்.

பெரியம்மா, "கொயந்தங்க அது. எய்தச் சொன்னாரு, எய்திச்சி" என்றாள்.

"அப்பாவுக்கு ஞாபகம்லாம் நல்லாத்தான் இருக்கு. சுகர்லதான் இப்படி ஆயிடுச்சு" என்றார் அவர். அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். மாடு விற்கப்பட்டது, வீடு பூட்டப்பட்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் பெரிய சாருக்கு மகன் பெயரே மறந்துபோனது என்று கேள்விப்பட்டோம். நோய் எங்கள் ஊரிலேயே தொடங்கியிருந்தது. படிப்பும் பழக்கமும் பேச்சும் அதை நெடுநாள் மறைத்துவைத்தன. அவர் எங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கூடத்தில் மிகவும் பயந்துபோயிருந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பெரியம்மா மறுபடி கரும்பு வெட்டுக்குப் போனாள். முன்னொரு காலத்தில் கட்டு எண்ணும் பொறுப்பு அவளுடையது. மேஸ்திரி இப்போது தரவில்லை. "உனுக்குச் சீட்டே கீதாமே" என்று சிரித்தார். மகன் அவளிடமே திருப்பிக் கொடுத்திருந்த அந்தச் சீட்டைப் பெரியம்மா தூக்கிப் போடவில்லை. முகாமில் கொடுத்த மற்றக் காகிதங்களோடு எது எதுவென்று தெரியாமல், முத்திரை குத்தியது என்பதால் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்திருந்தாள். ஓய்வூதியம் கேட்டுப் போனபோதும், தொகுப்பு வீட்டுக்கு மனு கொடுத்தபோதும், ரேஷன் அட்டையோடு அதையும் எடுத்து நீட்டினாள். படித்துப் பார்த்தவர்கள், பேச வேறு யாராவது இருந்தால் கூட்டி வா என்றார்கள். இது எங்களுக்குத் தெரிய நான்கு வருஷமானது. சீட்டை நான்தான் அவளிடம் வாங்கிப் படித்துக் காட்டினேன். "இத்தினி நாளு இதையா காட்டிக்கினு இருந்தேன்" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதைய நிலை இது. பெரியம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. அம்மாவோடு இருக்கிறாள். நாலைந்து மாதமாகக் குழம்பில் உப்பை இரண்டு முறை போடுகிறாள், பேச்சின் நடுவில் பெயர்கள் நழுவுகின்றன, தெரிந்த தெருவில் ஒரு நாள் நின்றுவிட்டாள். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும், சிறுவயதில் அரைவயிறு சாப்பிட்டவர்களுக்கும், ரத்தக் கொதிப்பை யாரும் அளந்து பார்க்காதவர்களுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு கூடுதல் என்று நாம் படித்திருக்கிறோம். அது அவளுக்கு வராது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால், "அது அந்தக் காலத்துலயே கீதே" என்கிறார்கள். அதனால் யாரும் அவளை எங்கேயும் கூட்டிப் போகவில்லை.

வரும் செவ்வாய் அவளை நம் பிரிவுக்கு அழைத்து வருகிறேன். நான் உறவுக்காரி, சோதனையை நான் வைக்கக் கூடாது. உங்களில் ஒருவர்தான் வைக்க வேண்டும். படித்த ஆண்டுகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதியிருப்பேன்; கேள்வி கேட்குமுன் அதைப் பாருங்கள்.